சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

தவறு செய்தவனைக் குற்றவாளி என்கிறோம். அறிவும் விருப்பமும் அவனிடம் இருந்தன என்ற துணிவில்தான் அவ்வாறு சொல்கிறோம். ஆனால் அறிந்து, விரும்பி, தன்னைத்தானே அடக்கி நடக்கும் அந்த ஆற்றலே சிதைந்துபோன ஒருவனை என்னவென்று சொல்வது? போதையால் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளையை உடைய வீடுகளில், நாள்தோறும் சோற்றுத் தட்டின் முன் எழும் கேள்வி இது.

முதலில் நேர்வது என்ன என்பதை அறிதல் நலம். கஞ்சாச் செடியின் போதைச் சத்தை 1964-இல் இஸ்ரயேல் நாட்டு வேதியியலார் ரபேல் மெஷூலமும் அவருடன் உழைத்தவரும் பிரித்தெடுத்தனர். அச்சத்து மூளையில் சென்று பொருந்தும் ஏற்பிகள் 1988-இல் கண்டறியப்பட்டன. ஒரு செடிக்காகவா மூளையில் அவை அமைந்தன? இல்லை, மூளை தானே சுரக்கும் பொருள்களுக்காக. அவற்றுள் ஒன்றை 1992-இல் கண்டவர்கள், ‘ஆனந்தம்’ என்ற வடசொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். நினைவையும் பசியையும் அச்சத்தையும் அளவில் நிறுத்தும் கடிவாளம் போன்றது அது. வேண்டியபொழுது சுரந்து, விரைவில் கரைந்துவிடும்.

இந்த ஏற்பிகளை ஆராய்வதற்கென்றே அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியலார் பல செயற்கைச் சேர்மங்களை உருவாக்கினார். ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டியிருக்கக் கூடாத அவற்றுள் ஒன்று, 2008-இன் இறுதியில், ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்ட பொட்டலங்களில் இருப்பது தெரியவந்தது. உலர்ந்த இலைகள்மீது வேதிப்பொருளைத் தெளித்து, நறுமணப் புகைப்பொருள் என்றும், மனிதர் உட்கொள்வதற்கன்று என்றும் அச்சிட்டு விற்றார்கள். ஒன்றைத் தடைசெய்தால், அதன் அமைப்பைச் சிறிது மாற்றி வேறொன்றைச் செய்தார்கள். கஞ்சாவின் சத்து ஏற்பியை ஓரளவே தூண்டும். இவற்றுள் பல அதை முழுமையாகத் தூண்டும். 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் நடைப்பிணங்கள்போல் ஆனதற்கு இத்தகைய ஒரு பொருளே காரணம்.

புகை கலைந்தபின்னும் விளைவு கலைவதில்லை. தொடர்ந்து பயன்படுத்தியோரிடம் நினைவும் கவனமும் குன்றுகின்றன. இல்லாத குரலைக் கேட்பதும், பெற்றவளே சோற்றில் நஞ்சு வைத்ததாக ஐயுறுவதும் சிலரிடம் வாரக்கணக்கில் நீடிக்கின்றன. வேறு சிலரிடம் மனச்சிதைவு நோயாகவே நிலைத்துவிடுகின்றன.

வேப்பூர்க் கூட்டுரோட்டிலும் விருத்தாசலத்திலும் மக்கள் அறிந்த பெயர் கஞ்சாதான். ‘அது வெறும் செடிதானே’ என்பாரும் உளர். 45,000-க்கும் மேற்பட்ட சுவீடன் நாட்டுப் படைச்சேர்க்கை இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1987-இல் வெளிவந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு காணப்பட்டது. பிற காரணங்களைக் கணக்கிட்டால் அவ்வேறுபாடு குறைகிறது; மறைந்துவிடவில்லை. செயற்கைப் பொருளோ அதே வாசலில் பன்மடங்கு வலிவோடு நுழைகிறது.

இத்தகைய பிள்ளையைப் பற்றி ஊரில் இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. ‘எல்லாம் திமிர்’ என்பது ஒன்று. ‘பேய் பிடித்துவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்பது மற்றொன்று. முதலாவது, அவனிடம் இல்லாத சுதந்திரத்தை இருப்பதாகக் கொண்டு அவனை அடிக்கிறது. இரண்டாவது, எஞ்சியிருக்கும் சுதந்திரத்தையும் மறுத்து அவனைக் கட்டிப்போடுகிறது.

கையைவிட்டுப் போன கல்லைத் திரும்ப அழைக்க இயலாது. ஆயினும் எறியாதிருப்பது அவன் கையில் இருந்தது என்றார் அரிஸ்டாட்டில். புனித தோமா அக்குவினாஸ் இன்னும் நுணுகிப் பார்த்தார். மதுவின் வலிமையை அறியாமல் பருகி மயங்கியவனிடம் அவர் குற்றம் காணவில்லை. நோவாவை அவ்வாறே கருதினார். அறிந்தே பருகியவனுக்கும், மயக்கத்தில் செய்த செயலின் குற்றம் குறைகிறது, முற்றும் நீங்குவதில்லை என்றார். அப்படியானால், பதினாறு வயதுச் சிறுவன் நண்பன் நீட்டியதை வாங்கும்போது எதை அறிந்திருந்தான்? தெளித்த மருந்து ஓரிலையில் குறைவு, மற்றோரிலையில் மிகுதி. ஆனால் ‘உட்கொள்வதற்கன்று’ என அச்சிட்டவன் அறிந்தே அச்சிட்டான். கல்லை எறிந்த கைகள் பல. சிறுவனின் கை மட்டுமே நம் கண்ணில் படுகிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அறிந்தவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். பச்சை மண் கலயம் சிதைந்தால் நீர் விட்டுக் குழைத்து மீண்டும் வனையலாம். சூளையில் வெந்தபின் அது மறுபடியும் களிமண் ஆவதில்லை. எரேமியா நூலின் 18-ஆம் அதிகாரத்தில் குயவர் கெட்டுப்போன கலயத்தைத் திரும்ப வனைகிறார். 19-ஆம் அதிகாரத்தில் சுட்ட கலயம் உடைக்கப்படுகிறது. தம் பிள்ளை எந்த அதிகாரத்தில் இருக்கிறான் என்பதே பெற்றோரின் தவிப்பு. மனித மூளை முழுதும் சுட்ட மண்ணாகிவிடுவதில்லை; பழக்கத்தை விட்ட பலரிடம் இழந்தவற்றுள் பெரும்பகுதி திரும்புகிறது. எப்போதும் பச்சை மண்ணாகவே இருப்பதும் இல்லை. சில வடுக்கள் நிலைத்துவிடும்.

ஆகவே ‘பழையபடி ஆகிவிடு’ என்று அவனிடம் கேட்பது நீதியாகாது. ‘இன்று என்னோடு மருத்துவரிடம் வா’ என்று கேட்பது நீதி. இயன்றதை மட்டும் கேட்கும்போது, அவனிடம் எஞ்சியுள்ள சுதந்திரத்தை நாம் மதிக்கிறோம். இயலாததன் சுமையோ அவனைச் சுற்றியிருக்கும் நம் தோளுக்கு மாறுகிறது. நாட்டின் சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-அ பிரிவின்படி, சிறிய அளவு வைத்திருந்த அல்லது பயன்படுத்திய அடிமை தானே முன்வந்து, அரசு ஏற்பு பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால் அவன்மீது வழக்கு இல்லை.

மனக்குழப்பம் தோன்றியபின் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமாவதும் கடினமாகிறது. மந்திரிக்கவும், ஊருக்கு மறைக்கவும், திருமணம் செய்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் நாம் செலவிடும் மாதங்கள் அவனுடைய மூளையிலிருந்தே கழிக்கப்படுகின்றன. செபம் மருத்துவருக்குப் போட்டியன்று. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் பேருந்து ஏறும் தாய் செபமாலையைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்; பேருந்தைத் தவறவிட வேண்டாம். அவன் எவ்வளவு குற்றவாளி என்பதை முழுமையாக அளப்பவர் ஒருவரே. அவனுக்கு எவ்வளவு துணை வேண்டும் என்பதை அளந்து கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.