காணாத முகத்திற்கு ஆற்றும் கடமை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1949-இல் பல் தாதியர்க்கெனத் தோன்றிய பயிற்சிப் பள்ளி, பின்னர்ப் பல் தொழில்நுட்பாளரையும் உருவாக்கியது. செயற்கைப் பல் செய்யும் இவர், அதனை அணிபவரைப் பெரும்பாலும் காண்பதில்லை. மருத்துவர் அனுப்பும் அச்சினையே காண்கிறார். குறையிருப்பின் வலியோ வேறொருவர் வாயில்.

இவர் தொடர்ந்து கற்க வேண்டுமெனச் சட்டம் வற்புறுத்தலாமா? அன்று இந்நாட்டை ஆண்ட பிரிட்டன், இன்று தன் தொழில்நுட்பாளரிடம் ஐந்தாண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. மணிக்கணக்கு வருகையை அளக்கும், அறிவை அளக்காது என்பர். மெய்தான், ஆசிரியர் பயிலரங்குகளிலும் உறங்குவோர் உண்டு. ஆயினும் வல்கனைட் ரப்பர் போய் அக்ரிலிக் வந்தது. இப்போது கணினியே பல்லை வடிவமைக்கிறது. பழையதே போதுமென்று இருப்பவரின் பிழையை அணிபவர் அறிய வழியில்லை. அவரால் கேட்கவியலாத கேள்வியைச் சட்டம் கேட்பது தகும். அந்த 50 மணியில் எத்தனை மணி கருவியின் முன் கழிந்தது என்றும் அது கேட்கட்டும்.