மெமரி ஃபுல் ஆகிவிட்டதா?



போன பரீட்சை சமயத்தில் என் அக்காள் மகன் கெமிஸ்ட்ரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மாமா, மெமரி ஃபுல். இனிமே எதுவும் ஏறாது. என் மூளையே ஸ்லோ பிராசஸர்தான்" என்றான். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்தபோது சிரிப்பு வரவில்லை. அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லையே!

நம் பிள்ளைகள் பேசுவதைச் சற்றுக் கவனியுங்கள். யோசனை ஓடாவிட்டால் "ஹேங் ஆயிட்டேன்" என்கிறார்கள். களைத்துப்போனால் "சார்ஜ் போச்சு". சிநேகிதனோடு மனஸ்தாபம் வந்தால் "அவனை டெலீட் பண்ணிட்டேன்". வெறும் வார்த்தைதானே என்று விட்டுவிடலாமா? நம் தாத்தாமாரும் "புத்தி மழுங்கிப்போச்சு" என்று கத்தியை வைத்துத்தான் பேசினார்கள். ஆனால் மழுங்கின கத்தியைத் தீட்டலாம். ஸ்லோ பிராசஸரை என்ன செய்வது? கம்பெனியிலிருந்து வந்தது அவ்வளவுதான். அதன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது, அதைத் திருந்தச் சொல்லவும் முடியாது. பிள்ளை தன்னை அப்படி எண்ணத் தொடங்கிவிட்டால், தான் மாறவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லாமல் போகிறது. என் பயமெல்லாம் இதுதான்.

கம்ப்யூட்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இதையும் அதில்தான் அடிக்கிறேன், ஒற்றை விரலால்!

இது நேற்று முளைத்த காரியமும் அல்ல. அமெரிக்காவில் ஷெர்ரி டர்க்கிள் என்ற பேராசிரியை, கம்ப்யூட்டர் பொம்மைகளோடு விளையாடும் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து, 1984-ல் 'தி செகண்ட் செல்ஃப்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். முற்காலத்தில் மனுஷன் தன்னை மிருகத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். மிருகத்துக்கும் உணர்ச்சி உண்டு, எனக்கோ பகுத்தறிவு உண்டு என்று பெருமைப்பட்டான். அந்தப் பிள்ளைகளோ கம்ப்யூட்டரின் பக்கத்தில் தங்களை நிறுத்தினார்கள். 'அதுவும் யோசிக்கும், எனக்குத்தான் உணர்ச்சி உண்டு' என்பதே அவர்கள் கண்ட வித்தியாசம். யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோமோ அதற்கேற்றபடி 'நான் யார்' என்பதற்கான பதிலும் மாறிவிடுகிறது, பாருங்கள்! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இன்றைக்கு இப்படிப்பட்ட புரோகிராம்கள் "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்றும் எழுதுகின்றன. அந்தப் பிள்ளைகள் மிச்சம் வைத்திருந்த வித்தியாசமும் இப்போது கலங்கிப்போகிறது.

சரி, மனுஷ மூளை உண்மையிலேயே நிரம்பிப்போகிற பெட்டிதானா? லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்டவேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்து தேர்வு எழுதவேண்டும். மூன்று நான்கு வருஷம் ஆகும். எலினார் மக்வயர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அந்த டிரைவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, வழிகளை நினைவில் வைக்க உதவும் பாகத்தின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாயிருப்பதை 2000-ல் வெளியிட்டார்கள். பிறவியிலேயே அப்படியோ என்று கேட்பீர்கள். அதற்காகவே படிக்கத் தொடங்குமுன் ஒரு ஸ்கேன், வருஷங்கள் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: தேறினவர்களிடம் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. எந்த கம்ப்யூட்டராவது, அதிகம் சேமித்ததினால் தன் மெமரியைத் தானே பெரிதாக்கியதுண்டா?

மறுநாள் அக்காள் மகனிடம் இதைச் சொன்னேன். "லண்டன்காரன் கதை" என்று தோளைக் குலுக்கினான். அவன் நம் ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறவன். புத்தகம் பாராமல் எத்தனை பாட்டு வாசிப்பாய் என்று கேட்டேன். எண்ண ஆரம்பித்தான். இருநூறு தாண்டினதும் நிறுத்திவிட்டான்.

"இதுக்கெல்லாம் மெமரி எங்கேயிருந்துடா வந்துச்சு?"

"அது வேற மாமா. அது வாசிச்சு வாசிச்சு வந்தது."

கெமிஸ்ட்ரி புத்தகம் கட்டிலின் மேல் மூடியபடியே கிடந்தது. நான் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.