சாய்த்துக் கட்டிய கயிறு

பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து, "உனக்குக் கணக்கு வரவில்லை, ஓரமாய் உட்கார்ந்து மற்றவர்கள் போடுவதை வேடிக்கை பார்" என்று எந்த ஆசிரியரும் கூறுவதில்லை. கணக்கு வராத பிள்ளைக்குத்தான் கூடுதலாகக் கணக்குக் கொடுக்கிறார். வாசிக்கத் திணறும் பிள்ளையைத்தான் அருகே அழைத்து மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்கிறார். எவருக்கு எது குறைவோ அவருக்கு அதனை நிறைவு செய்வதே கல்வியின் இலக்கணம்.

அதே பள்ளியின் விளையாட்டுத் திடலுக்கு வந்து பாருங்கள். அங்கே இந்த இலக்கணம் தலைகீழாகி விடுகிறது. பந்தைத் தவறவிட்ட பிள்ளை 'அவுட்'. கயிற்றைக் காலால் தட்டிய பிள்ளை 'அவுட்'. முதலில் தோற்ற பிள்ளை முதலில் உட்காருகிறது. கடைசிவரை வெல்லும் பிள்ளையே கடைசிவரை ஓடுகிறது. எந்தக் குழந்தைக்குப் பயிற்சி மிகுதியும் தேவையோ அந்தக் குழந்தைக்கு மிகக் குறைவாகவும், எதற்குத் தேவை குறைவோ அதற்கு மிகுதியாகவும் நாம் வழங்கிக் கொண்டிருக்கிறோம்.

"விளையாட்டுத்தானே, இதில் என்ன அநீதி?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியிலேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. உடற்கல்வி ஒரு பாடம் அன்று; படித்துக் களைத்தபின் கிடைக்கும் பொழுதுபோக்கு என்பதே அந்த முடிவு. பொழுதுபோக்காயின் வல்லவர் ஆட, மற்றவர் கைதட்டலாம். பாடமாயின் வகுப்பிலுள்ள கடைசிப் பிள்ளைக்கும் அது சென்று சேர்ந்தாக வேண்டும். இவ்விரண்டில் எது உண்மை என்பதை நாம் தீர்மானிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உடற்கல்வி பள்ளிக்கூடத்திற்குள் எப்படி நுழைந்தது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது நலம். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் போர்க்களத்தின் வழியாகவே வந்தது. 1806இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்ய நாட்டில், 1811இல் பிரடெரிக் லுட்விக் யான் பெர்லின் நகரில் திறந்தவெளி உடற்பயிற்சிக் களத்தைத் தொடங்கினார். 1809இல் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்த சுவீடன் நாட்டில், 1813இல் பெர் ஹென்ரிக் லிங் உடற்பயிற்சிக்கெனத் தனி நிறுவனமே அமைத்தார். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தின்போது, படையில் சேர வந்த பிரிட்டிஷ் இளைஞர்களில் மிகப் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அதன் பிறகே அந்த நாடு ஏழைப் பிள்ளைகளின் உடலைப் பற்றிக் கவலை கொண்டது. 1902இல் அங்குப் பள்ளிகளுக்கென வெளியிடப்பட்ட பாடத்திட்டம் படைவீரர் பயிற்சியை ஒட்டியே அமைந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1904இல் அதற்குப் பதிலாக வேறொரு திட்டம் வந்தது.

அக்காலத்தில் நம்மை ஆண்டவர்களும் அவர்களே. நம் ஊர்ப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியருக்கு 'டிரில் மாஸ்டர்' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது அந்த மரபின் எச்சமே. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். உடற்கல்வி ஆசிரியர் என்பவர் விசில் ஊதி வரிசையை நேராக்குபவர் மட்டும் அல்லர், கற்பிப்பவர் என்னும் கருத்து இங்கு வேரூன்ற அது வழி செய்தது.

படைக்காகப் பிள்ளைகளைத் தயாரித்த காலம் போயிற்று. அடுத்து வந்தது கோப்பைக்காகத் தயாரிக்கும் காலம். பள்ளிக்குப் பெயர் வாங்கித் தருபவன் நல்ல மாணவன், மற்றவர்கள் கூட்டம். இரண்டு காலத்திலும் பிள்ளையின் உடல் வேறு எவருக்கோ பயன்படும் கருவியாகவே மதிக்கப்பட்டது. அந்த உடல் அந்தப் பிள்ளைக்கே உரியது, அறுபது எழுபது ஆண்டுகள் அது அதனுள்தான் வாழப் போகிறது என்ற எண்ணம் இரண்டிலும் இல்லை. பிள்ளையின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளை நம் பெருமைக்காகச் செலவழிக்க நமக்கு உரிமை ஏது?

இவ்வெண்ணம் புதியதன்று. ஹிஜ்ரி 505, அதாவது கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுமிடத்தில், பாடம் முடிந்தபின் சிறுவர் விளையாட இடந்தர வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பையே சுமத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும், படிப்பிலிருந்து தப்ப வழி தேடத் தொடங்கும் என்பது அவர்கள் கருத்து. நடையும் உடல் அசைவும் பிள்ளையின் அன்றாடத்தில் இடம்பெற வேண்டும் என்றும் அவர்கள் கூறுகிறார்கள். இவற்றையெல்லாம் அவர்கள் வெற்றி பெறும் பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை. பிள்ளை என்ற எல்லாருக்கும் சொன்னார்கள்.

இனி வகுப்புக்கு வருவோம். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், ஒரே ஒரு பந்து. ஒவ்வொருவருக்கும் சமமாகப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது ஒரு நிமிடம். மீதி முப்பத்தொன்பது நிமிடமும் அது கற்பது வரிசையில் நிற்கும் கலையைத்தான். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பலகை கொடுத்து எழுதக் கற்பிப்போமா? தையற்கடையில் கழிக்கும் துணித்துண்டுகளைச் சுருட்டிக் கட்டினால் நாற்பது பந்துகள் ஆகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதுவே ஏற்ற பந்தும் ஆகும். கடினப் பந்து முகத்தை நோக்கி வருகையில் கண்ணை மூடிக் கொள்ளும் குழந்தை, துணிப்பந்தைக் கண் திறந்து பார்க்கும். கண் திறந்தால்தான் கை பிடிக்கும்.

அணி பிரிக்கும் முறையையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இறுதியில் எவரும் கேளாத ஒரு பிள்ளை நடுவில் நிற்கிறது. அது வேறு எதனைக் கற்காவிட்டாலும், தன் உடல் எவருக்கும் வேண்டாத ஒன்று என்பதைக் கற்றுக் கொள்கிறது. பரீட்சைத் தாளில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை மடித்துப் பைக்குள் மறைக்கலாம். திடலின் நடுவில் நிற்கும் பிள்ளை தன் தோல்வியை எங்கே மறைக்கும்?

மேலும், ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்குள் ஓராண்டு அளவுக்கு வயது வேறுபாடு இருப்பது இயல்பு. நமக்கு அது ஒரு பொருட்டன்று. ஆறு வயதிலோ ஓராண்டு என்பது வாழ்ந்த வாழ்வில் ஆறில் ஒரு பங்கு. முந்தி ஓடும் பிள்ளையைத் திறமைசாலி என்றும், பிந்தி வரும் பிள்ளையை மந்தம் என்றும் முத்திரை குத்தும்போது, பல வேளைகளில் நாம் அளப்பது திறமையை அன்று, பிறந்த மாதத்தைத்தான்.

இங்கே ஓர் எளிய சோதனையைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் பணியாற்றி, 1966இல் உடற்கல்வி கற்பிக்கும் முறைகளைப் பற்றி நூல் வெளியிட்ட முஸ்கா மாஸ்டன் என்பவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது அது. வழக்கமாக உயரம் தாண்டுவதற்குக் கயிற்றை இருபுறமும் ஒரே உயரத்தில் பிடிப்போம். எல்லாரும் தாண்டுவர். உயரத்தைக் கூட்டுவோம், சிலர் வெளியேறுவர். இன்னும் கூட்டுவோம், இன்னும் சிலர். இறுதியில் ஒருவர் எஞ்சுவார். மாஸ்டன் செய்தது இவ்வளவே: கயிற்றின் ஒரு முனையை உயர்த்தி, மறுமுனையைத் தரைக்கருகே தாழ்த்தினார். ஒரே கயிற்றில் இப்போது எல்லா உயரங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன்னால் இயலும் இடத்தைத் தானே தேர்ந்து தாண்டுகிறது. தாண்டியபின் சற்றே உயரமான இடத்திற்கு நகர்கிறது. எவரும் வெளியேறவில்லை. எல்லாரும் தாண்டிக் கொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் கயிறு நம்மிடம் ஓர் ஆழ்ந்த வினாவை எழுப்புகிறது. எல்லாருக்கும் ஒரே உயரம் என்பது நீதியா? மேலோட்டமாகப் பார்த்தால் அதனைவிட நடுநிலை வேறில்லை. எவருக்கும் சலுகை இல்லை. எவருக்கும் வஞ்சனை இல்லை. ஆனால் நாம் ஏன் கயிறு கட்டினோம் என்று கேளுங்கள். சிறந்தவர் யார் எனக் கண்டுபிடிப்பது நோக்கமாயின் நேர்க்கயிறே நீதி. எல்லாரும் தாண்டக் கற்பது நோக்கமாயின் சாய்கயிறே நீதி. ஒரு செயல் நீதியானதா என்பதை அதன் வடிவத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலாது; நோக்கத்தை வைத்தும் எடைபோட வேண்டும். போட்டி நாளுக்கு உரிய கயிற்றைப் பாட வேளையில் கட்டுவதே நம் தவறு.

இதற்கு மறுப்புகள் உண்டு. "வாழ்க்கை எவருக்காகவும் கயிற்றைச் சாய்ப்பதில்லை, தோல்வியைத் தாங்கவும் பிள்ளை பழக வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும்தான். ஆனால் சாய்கயிற்றிலும் தோல்வி உண்டு. உயரமான இடத்துக்கு நகர்ந்த பிள்ளை தட்டி விழத்தான் செய்யும். வேறுபாடு என்னவெனில், அங்கே தோற்ற பிள்ளை எழுந்து மறுபடியும் தாண்டுகிறது. இங்கே தோற்ற பிள்ளை மூலையில் போய் உட்காருகிறது. எது தோல்வியைத் தாங்கும் பயிற்சி?

"எளிய இடத்திலேயே தங்கிவிடும் சோம்பேறிகளை என்ன செய்வது?" என்பது மற்றொரு வினா. இது நியாயமான வினா. சில பிள்ளைகள் அப்படித் தங்கவே செய்யும். அச்சத்தால் தங்கும் பிள்ளை எது, அலட்சியத்தால் தங்கும் பிள்ளை எது எனக் கண்டறிந்து, ஒன்றின் கையைப் பிடிக்கவும் மற்றொன்றைத் தூண்டவும்தான் ஆசிரியர் இருக்கிறார். கயிறு அவர் வேலையைச் செய்து விடாது. வல்ல பிள்ளைக்கும் இதில் இழப்பில்லை. கயிற்றின் உயர்ந்த முனை அதற்காகக் காத்திருக்கிறது.

உடற்கல்வி ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ நிறுவனம் 1978ஆம் ஆண்டின் சாசனத்தில் அறிவித்தது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கே உடற்கல்விப் பயிற்றுநரைக் குறிப்பிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படியொருவர் குறிப்பிடப்படவில்லை. உடல் வடிவம் பெறும் பருவத்தில் உடலைக் கற்பிக்கும் பொறுப்பு வகுப்பாசிரியரின் தோளிலேயே விழுகிறது. பாடம் முடியாதபோது அவர் முதலில் பறிப்பதும் விளையாட்டு வேளையைத்தான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்குத் தண்டனையாக நிறுத்துவதும் அதனைத்தான். குறும்பு செய்தான் என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் தமிழ்ப் பாடத்தை நிறுத்துவதில்லையே!

பள்ளியை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் வருந்த இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் ஓரிரு பாடவேளைகள் அதற்குப் போதா. எஞ்சியதை வீடும் தெருவும்தான் தர வேண்டும். நம் வீடுகளில் மகன் தெருவில் ஓடுகிறான். மகளுக்கோ ஏழெட்டு வயதிலேயே "ஓடாதே, குதிக்காதே" என்ற சொற்கள் காதில் விழத் தொடங்குகின்றன. முற்றத்தில் பாண்டி ஆடிய பாட்டிமார்களின் கால்களுக்கு இருந்த உரிமைகூடப் பேத்தியின் கால்களுக்கு இல்லை. எலும்பும் தசையும் ஆண், பெண் பார்த்து வலுப்பெறுவதில்லை. காலில் குறையுள்ள குழந்தையையும், பருமனான குழந்தையையும் இதே சிந்தனையோடு நினைக்க வேண்டும். "பாவம், அது உட்காரட்டும்" என்று நாம் காட்டும் இரக்கம், அந்தக் குழந்தைக்கு உரியதை மறுக்கும் இனிய சொல்லாகவே முடிகிறது.

விளையாட்டு நாளன்று வீடு திரும்பும் பிள்ளையிடம் "என்ன பரிசு வாங்கினாய்?" என்றே கேட்டுப் பழகிவிட்டோம். "இன்று எவ்வளவு நேரம் ஓடினாய்? போன மாதம் இயலாத எது இப்போது உன்னால் இயல்கிறது?" என்று கேட்போம். பரிசில்லாத பிள்ளையிடமும் இந்த வினாக்களுக்கு விடை இருக்கும். பெற்றோர் இப்படிக் கேட்கத் தொடங்கினால், பள்ளியும் நாளடைவில் அதற்கேற்பக் கற்பிக்கத் தொடங்கும். திடலும் பணமும் ஒரே நாளில் வந்துவிடப் போவதில்லை. கயிற்றின் ஒரு முனையைத் தாழ்த்திப் பிடிக்க அவை தேவையும் இல்லை.