கைவழிக் கல்வியும் கடனும்

1891 ஆம் ஆண்டளவில், ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஏதென்ஸ் நகரில் ஒரு வீட்டின் முன் மாட்டுவண்டியொன்று வந்து நின்றது. வண்டியில் அமர்ந்திருந்த ஹரியற் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் மடியில் ஒரு பொதி இருந்தது. தூய மாப்பையொன்றினுள் இடப்பட்டு, அதன் மேல் சாக்கினாலும் சுற்றப்பட்டிருந்த அப்பொதியினுள் அவரே தைத்த போர்வை இருந்தது. 1837 இல் அடிமையாகப் பிறந்தவர் அவர். 1886 இல் அந்நகரில் நடைபெற்ற கண்காட்சியொன்றில் அப்போர்வையைக் கண்ட ஜெனி சிமித் என்னும் ஓவிய ஆசிரியை அதனை விலைக்குக் கேட்டபோது, எவ்விலைக்கும் தரமுடியாதென மறுத்திருந்தார். பின்னர் வறுமை வந்துற்றது. தாமே விற்க வந்தார். பத்து டொலர் கேட்டார். ஐந்து டொலரே கிடைத்தது. வெளியே காத்திருந்த கணவரோடு கலந்து பேசிவிட்டு அதற்கே இசைந்தார். போர்வையைக் கையளிக்குமுன் அதிலுள்ள பதினொரு படங்களின் பொருளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அவ்விளக்கத்தை ஆசிரியை எழுதி வைத்தார். அதன் பின்னரும் பவர்ஸ் பல தடவை அவ்வீட்டுக்குச் சென்று, விற்றுவிட்ட தம் போர்வையைப் பார்த்து வந்தார் என்பது அக்குறிப்பினால் அறியக்கிடக்கின்றது.

விலை கொடுக்கப்பட்ட பின்னர் எஞ்சி நிற்கும் இவ்வுறவு யாது? பவர்ஸுக்குச் சட்டம் தந்த உரிமை எதுவும் எஞ்சியிருக்கவில்லை. எனினும், அவர் வந்து பார்த்தது முறையற்றது என எவரும் கூறார். ஆசிரியை கதவை அடைத்திருந்தால் அதுவே முறையற்றதாகத் தோன்றியிருக்கும். உடைமை மாறிய பின்னரும் மாறாத ஏதோவொன்று பொருளுக்கும் அதனைச் செய்த கைக்கும் இடையே உண்டு என்பதையே இவ்வுணர்வு காட்டுகிறது. செய்த பொருளுக்கே இந்நிலையெனின், செய்யும் முறையை ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்றுக்கொள்ளும்போது எழும் உறவு எத்தகையது? கற்றவர் எவருக்குக் கடன்பட்டவர்? அக்கடன் தீர்க்கப்படக் கூடியதா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் பேரிலக்கியங்களையோ பெரும் விஞ்ஞானங்களையோ நாட வேண்டியதில்லை. துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் கலையே போதிய இடந்தருகின்றது. தையலைப் பற்றி மெய்யியல் பேச என்ன இருக்கிறது எனக் கேட்போர் பல்கலைக்கழகங்களிலும் உளர். அது மெய்யியலின் குறையேயன்றித் தையலின் குறையன்று.

ஆங்கிலத்தில் குவில்ற் எனப்படும் ஒட்டுப்போர்வை மூன்று படைகளைக் கொண்டது. பல நிறத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மேற்படை, குளிர் தாங்கும் பஞ்சினாலான நடுப்படை, கீழே ஒரு துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒரு போர்வையாக்குகிறது. துண்டுகளின் ஓரத்தில் விடப்படும் தையலிடம் கால் அங்குலம். அதில் ஒவ்வொரு முறையும் நேரும் மயிரிழைப் பிழை, நூறு துண்டுகள் சேரும்போது பெரும் கோணலாகிவிடும்.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கலையில் ஈடுபட்டோர் ஊர்தோறும் சங்கங்கள் அமைத்துள்ளனர். பெரும்பாலும் மாதமொரு முறை கூடும் இச்சங்கங்களில் உறுப்பினர் தாம் முடித்த போர்வையை எழுந்து நின்று விரித்துக் காட்டுவர். வெளியூர் ஆசிரியர் ஒருவரை அழைத்து உரையும் வகுப்பும் நடத்துவர். ஆகவே போர்வை தைக்கும் பெண்ணொருத்தி, தையல் இயந்திரத்தையும் துணிப்பொதிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு பல நூறு மைல்கள் பயணஞ்செய்வது அங்கு வியப்புக்குரியதன்று. முன்னொரு வகுப்பில் அறிமுகமான தோழியின் வீட்டில் ஓரிரவு தங்குவாள். அடுத்த ஊர்ச் சங்கத்தில் விருந்தினளாக அமர்வாள். வழியிலுள்ள துணிக்கடை ஒவ்வொன்றிலும் சிறிது பணத்தை இழப்பாள். பென்சில்வேனியாவின் லங்காஸ்ரர், நெப்ராஸ்கப் பல்கலைக்கழகம் 1997 இல் போர்வை ஆய்வு நிலையம் நிறுவிய லிங்கன், ஒகையோ ஆற்றங்கரையில் 1991 இல் போர்வை அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்ட கென்டக்கியின் படூக்கா என்பன இத்தகைய பயணிகள் நாடிச் செல்லும் ஊர்கள்.

நூலும் படமும் நிறைந்துள்ள காலத்தில் இவ்வளவு தூரம் செல்வானேன்? மைக்கல் பொலன்யி என்னும் அறிஞர், சொற்களில் முற்றாக வடிக்கமுடியாத அறிவொன்று உண்டு என 1958 இலும் 1966 இலும் வெளிவந்த தம் நூல்களிலே வற்புறுத்தினார். போர்வைச் சட்டத்தைச் சூழ்ந்திருந்து தைப்போரிடையே அக்கருத்தைக் கண்ணாற் காணலாம். சட்டத்தின் மேலேயுள்ள கை ஊசியைச் செலுத்த, கீழேயுள்ள கையின் விரல் அதன் நுனியைத் தொட்டறிந்து மேலே திருப்பிவிடுகிறது. எவ்வளவு அழுத்தம் போதும், எப்போது திருப்புவது என்பதை எழுதிக் காட்டல் அரிது. கற்பவளின் கைமேல் கற்பிப்பவள் தன் கையை வைத்த கணத்தில் அது விளங்கிவிடுகிறது. கை இருக்குமிடத்துக்குக் கை செல்லவேண்டியுள்ளது. பயணத்தின் காரணம் அதுவே.

இவ்வாறு பெற்றதற்கு ஈடு யாது? வகுப்புக்குக் கட்டணம் செலுத்தியாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்பது முதலில் தோன்றும் விடை. கட்டணம் ஆசிரியையின் ஒரு நாட்பொழுதுக்கும் அவள் பயணத்துக்கும் ஈடாகலாம். ஆயின் அவள் தன் தாயிடமோ அயலாளிடமோ கட்டணமின்றிக் கற்றதையும் சேர்த்தன்றோ தந்தாள்? தோழியின் சமையலறை மேசையில், தேநீருக்கிடையே கற்றுக்கொண்ட உத்திக்கு எவரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

சற்று நுட்பமான மற்றொரு விடையும் உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வரையப்பட்ட படத்தையும் எழுதப்பட்ட அறிவுறுத்தலையும் காக்குமேயன்றி, எண்ணத்தையோ செய்முறையையோ காப்பதில்லை. பழைய கோலங்களோ எவருக்கும் உரியனவல்ல. அவை ஊர் மாறும்போது பெயரும் மாறின. ஒகையோவிலும் கென்டக்கியிலும் 'கரடியின் பாதம்' எனப்பட்ட கோலம், பிலடெல்பியாவின் குவேக்கர் சமயத்தாரிடையே 'நட்பின் கை' ஆயிற்று. லோங் ஐலண்டில் அதுவே 'சேற்றில் வாத்துக்கால்' என வழங்கியது என்பர். கன்சாஸ் நகரின் ஸ்ரார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை இத்தகைய கோலங்களைத் தொடர்ந்து அச்சிட்டது. வாசகர் தாம் அறிந்தவற்றை அனுப்ப, அவை முகமறியாத பிறர் வீடுகளைச் சென்றடைந்தன. இவ்வாறு எவருக்கும் உரியதல்லாத ஒன்றைப் பெற்றதற்குக் கடன் எங்கிருந்து வரும் என்பது இவ்விடை.

கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பினும் இவ்வாதத்தில் ஒரு வழு உண்டு. உடைமையாளர் இல்லை என்பதிலிருந்து, கொடுத்தவர் இல்லை என்பது பெறப்படாது. தாய்மொழி எவருடைய உடைமையுமன்று; ஆயினும் அதனை ஒவ்வொருவரும் யாரோ சிலரிடமிருந்தே பெற்றனர். 'எவருக்கும் உரியதன்று' என்பது எடுப்பதற்குத் தடையில்லை எனக் காட்டுமேயன்றி, நன்றிக்கு இடமில்லை எனக் காட்டாது.

மார்சல் மோஸ் 1925 இல் வெளியான கொடை பற்றிய ஆய்விலே, கொடுத்தல், ஏற்றல், மீளக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடப்பாடுகளாகப் பிணைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கைத்தொழில் கற்றோர் மீளக் கொடுப்பது பெரும்பாலும் கொடுத்தவருக்கன்று, அடுத்தவருக்கே. கற்பித்தவள் மறைந்திருப்பாள், அல்லது அவளுக்கு அது வேண்டியதில்லை. எனவே கற்றவள் புதியவளொருத்திக்குக் கற்பிக்கிறாள். சங்கத்தார் ஒன்றுகூடிக் குறைமாதக் குழந்தைகளுக்கும் தீயில் வீடிழந்தோருக்கும் போர்வை தைத்துக் கொடுக்கின்றனர். திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்திருப்பது இவ்விடத்து மனங்கொளத்தக்கது. இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது வேறு. ஊரோடு ஒத்து வாழ்பவன், ஊரிலிருந்து பெற்றதை ஊருக்கே பயன்படச் செய்வது வேறு. போர்வை தைப்போரின் சங்கம் இரண்டாவதன்பாற்படும்.

இத்துடன் நிறுத்திக்கொள்ளின் இனிமையாகவே இருக்கும். ஆனால் முன்னோக்கிச் செலுத்தப்படும் கடன் என்னும் இக்கருத்து, பின்னோக்கிப் பாராதிருக்க வசதியானதொரு சாட்டாகவும் ஆகிவிடுகிறது. கார், ஓய்வுநேரம், வகுப்புக் கட்டணம் ஆகியன உடையோரே பயணஞ்செய்கின்றனர். எவரிடமிருந்து கற்கப்படுகிறதோ அவர் அவ்வாறு பயணஞ்செய்யக் கூடியவரா என்ற வினா எழுவதேயில்லை.

அலபாமா ஆற்றின் வளைவொன்றில் அமைந்துள்ள ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. அங்கு வாழ்ந்த அடிமைகளின் வழிவந்த பெண்கள் கிழிந்த வேலையுடுப்புக்களிலிருந்து தைத்த போர்வைகள், நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுப் போற்றப்பட்டன. 1962 இல், அவ்வூரார் வாக்காளராகப் பதிய முற்பட்ட காலத்தில், எதிர்க்கரையிலுள்ள கம்டன் நகருக்கான படகுச் சேவை நிறுத்தப்பட்டது. 1966 இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைப்பொன்றை உருவாக்கிப் போர்வைகளை விற்றனர். 2002 இல் அவ்வூர்ப் போர்வைகள் முதலில் ஹியூஸ்ரனிலும் பின்னர் நியூயோர்க்கிலும் அரும்பொருட்காட்சியகங்களில் தொங்கவிடப்பட்டன. 2006 இல் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. படகுச் சேவை மீண்டும் தொடங்கியதும் அந்த 2006 இலேதான். போர்வைகள் நியூயோர்க்கை அடைந்தபோது, அவை பிறந்த ஊரார் ஆற்றின் மறுகரைக்குச் செல்ல நெடுஞ்சுற்றுவழியே போகவேண்டியிருந்தது. 2007 இல் அப்பெண்களுட் சிலர், தமக்குரிய பங்கு கிடைக்கவில்லையென வழக்குத் தொடுத்தனர்; 2008 இல் அவ்வழக்குகள் முடிவுக்கு வந்தன.

இங்கு விற்றது பிழையன்று. கூட்டுறவு அமைத்த பெண்கள் விற்கவே விரும்பினர். வறியவரின் கைவேலை விற்பனையால் மாசுபடுகிறது என வருந்துவோர் பெரும்பாலும் வயிறு நிறைந்தவரே. 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் கார்ல் மார்க்ஸ் விளக்கிய அந்நியமாதல், கூலிக்கு உழைப்பவனுக்கு அவன் படைத்த பொருளே அயலாகி எதிர்நிற்பதைக் குறிப்பது. பவர்ஸும் ஜீஸ் பெண்ட் பெண்களும் கூலியாட்களாக இருந்து அப்போர்வைகளைத் தைக்கவில்லை. ஆயினும் ஓரிடத்தில் அக்கருத்து இங்கும் பொருந்துகிறது: பொருள் செல்லும் தூரம் முழுவதும் அதனைச் செய்தவர் செல்லமுடியாதபோது, அது அவருக்கு அயலாகிறது. ஏதென்ஸில் விலை அரைவாசியாயிற்று. ஆயினும் வழி அடைபடவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று.

கற்றவளின் கடனையும் இந்நோக்கிலேயே அளக்கவேண்டும். தான் கற்றது யாரிடம் என்பதைக் கூறாது அடுத்தவளுக்குக் கற்பிப்பவள் கொடையாளியாகத் தோன்றினும், கொடுத்தவளிடம் திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிடுகிறாள். லங்காஸ்ரர்ப் பகுதிக் கடைகளில் அமிஷ் சமயத்தாரின் போர்வைகளென விற்கப்பட்டவற்றுட் பல, 1980களிலிருந்து, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மொங் இனப் பெண்களின் கைவேலையாக இருந்தன. வேலைக்குக் கூலி கிடைத்தது; தையலும் செம்மையானது. வாங்குவோர் விரும்பியதோ அமிஷ் என்னும் பெயரை. இதில் களவாடப்பட்டது எதுவென ஒரு நீதிமன்றத்தில் நிறுவுதல் கடினம். அப்பெண்கள் கடைக்குள் வந்து, சுவரிலே தொங்கும் தம் போர்வையைக் காட்டி, இது எம் வேலை என்று கூறமுடியாது என்பதே அங்கு நேர்ந்த இழப்பு.

ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பெயரைத் தேடின் முடிவேயில்லை என மறுப்போர் இருக்கலாம். மெய்தான், 'கரடியின் பாத'த்தை முதலில் வெட்டிய பெண்ணின் பெயர் எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாதெனச் சொல்வதும் நன்றியின் ஒரு வடிவமே; அவ்வெற்றிடத்தில் தன் பெயரை எழுதிக்கொள்வதே தவறு. தெரிந்த இடத்திலோ சாக்குக்கு இடமில்லை. போர்வையின் பின்புறத்தில் சிறு துணியொன்றை ஒட்டி, துண்டுகளை இணைத்தவர் இன்னார், மூன்று படைகளையும் சேர்த்துத் தைத்தவர் இன்னார், ஊரும் ஆண்டும் இவை என எழுதும் வழக்கம் இன்று பலரிடம் உண்டு. யாரிடம் கற்றது என்பதற்கும் அத்துணியில் ஒரு வரிக்கு இடமிருக்கும். 1840களில், மேற்கே புறப்பட்டுச் செல்லும் தோழிக்கென அயற்பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் மையினாற் கையொப்பமிட்டு, எல்லாவற்றையும் ஒரே போர்வையாக்கிக் கொடுத்தனர். திரும்பிவர இயலாத பயணம் அது என்பது பலருக்குத் தெரிந்திருந்தது.

பவர்ஸ் 1910 இல் இறந்தார். அவருடைய மற்றொரு போர்வை பொஸ்ரன் நகரின் நுண்கலைக் காட்சியகத்தில் உள்ளது. மாட்டுவண்டியிற் கொண்டுசெல்லப்பட்ட முதலாவது, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காட்சியகத்தில் உள்ளது. அதனைப் பார்க்கச் செல்வோர், அப்பதினொரு படங்களும் எவற்றைக் குறிக்கின்றன என்பதை அன்று ஏதென்ஸ் வீட்டில் அவர் சொல்ல, ஐந்து டொலர் கொடுத்த பெண் எழுதி வைத்த குறிப்பிலிருந்தே இன்றும் அறிந்துகொள்கின்றனர்.