குறைத்த விலையைக் கொடுக்கிறவர் யார்?



திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அநேகம் முறை கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நம் மனம் கடைசியில் வந்தவனுக்குக் கிடைத்த கூலியின்மேலேயே போகிறது. முந்தி வந்தவர்கள் முறுமுறுத்தது நியாயமா அநியாயமா என்று தர்க்கித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். ஆனால் அதற்கு முன்பாக அந்த உவமையில் ஒரு சிறு சம்பாஷணை நடக்கிறது. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரமே இருக்கையில் தோட்டத்து எஜமான் வெளியே போகிறார். அங்கே சும்மா நிற்கிறவர்களைக் கண்டு, பகல் முழுவதும் ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன மறுமொழி. அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணிவிடாதேயுங்கள். சோம்பேறி பொழுது சாயுமட்டும் வெயிலில் நிற்கமாட்டான், வீட்டில் படுத்துக்கிடப்பான்.

அவர்களைப் பார்க்க நாம் யூதேயா நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. நம்முடைய பட்டணங்களில் காலை 7 மணிக்கு நாற்சந்திகளில் பாருங்கள். பையில் கரணையும் தூக்குக்குண்டும், கையில் தூக்குச்சட்டியுமாகக் கொத்தனார்கள் நிற்பார்கள். சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தாள் பெண்கள் நிற்பார்கள். பெயிண்டர், பிளம்பர், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் அடிக்கிறவர் எல்லாரும் அங்கே உண்டு. வேலை மிகுந்த காலத்தில் 8 மணிக்குள் அந்த இடம் காலியாகிவிடும். மந்தமான காலத்தில் 10 மணியானாலும் பாதிப்பேர் நிற்பார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராய்த் திரும்பிப் போவார்கள். வேலைத்தலத்தில் உண்ணக் கட்டிக்கொண்டு வந்த சோற்றை வீட்டில் பிள்ளைகள் எதிரே திறந்து வைத்து உண்பது எப்படியிருக்கும் என்று மாதச் சம்பளம் வாங்குகிற நம்மில் எத்தனைபேர் யோசித்தோம்?

தொழில் மந்தம் மழையைப்போல் எல்லார்மேலும் ஒரே அளவாய் விழுகிறதில்லை. 2016-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி இரவு 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது, சம்பளக்காரர் வங்கி வாசலில் வரிசையில் நின்றார். அது கஷ்டந்தான். கொத்தனாரோ வரிசைக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. வேலைக்குப் போனால் கூலி கொடுப்பவர் கையில் செல்லும் நோட்டு இல்லை. பிறகு 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி முதல் ஊரடங்கு. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் முடிய உள்ள மூன்று மாதத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 24 சதவிகிதம் குறைந்ததென்று மத்திய அரசாங்கம் ஆகஸ்டு மாதத்தில் முதற்கணக்கு வெளியிட்டது. அதே கணக்கில் கட்டடத் தொழில் மாத்திரம் 50 சதவிகிதம் குறைந்திருந்தது. பாதி வேலை நின்றுபோயிற்று என்று அர்த்தம். ஆனால் பாதிப்பேருடைய பசி நிற்கவில்லையே.

அவ்வாண்டு மே மாதம் 1-ந் தேதி, ஊருக்குத் திரும்பத் தவித்த தொழிலாளிகளுக்கென்று விடப்பட்ட முதல் தனி ரயில் தெலுங்கானாவிலுள்ள லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டிலுள்ள ஹதியாவுக்குப் புறப்பட்டது. அந்த நாள் என்ன நாள்? 1955-ம் ஆண்டில் 12-ம் பத்திநாதர் என்னும் பரிசுத்த பாப்பானவர் தொழிலாளியாகிய அர்ச். சூசையப்பருக்கென்று ஏற்படுத்திய திருநாள். வேலையிழந்து ஊர்விட்டு ஊர்போன அந்தத் தச்சர் எகிப்துக்குப் போகும் வழியில் என்ன பட்டிருப்பாரென்று அந்த ரயிலில் இருந்தவர்கள் நமக்குச் சொல்லக்கூடும்.

இனி, இந்த வாரம் உங்களிடத்தில் முக்கியமாய்ப் பேசவேண்டிய காரியத்துக்கு வருகிறேன். மந்தக் காலத்தில் சிறு காண்டிராக்டரும் மேஸ்திரியும் எப்படி வேலை பிடிக்கிறார்கள்?

ஒருவர் வீட்டுக்கு மாடி எடுக்கவேண்டும். நான்கு மேஸ்திரிகளைக் கூப்பிட்டு விலை கேட்கிறார். கேட்பதில் தப்பிதமில்லை. கணக்குத் தெரிந்த மேஸ்திரி, கல், மணல், சிமெண்டு, கம்பி, ஆள்கூலி எல்லாம் பார்த்து, ஒரு லட்ச ரூபாய் ஆகும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் 95 ஆயிரம் என்கிறார். வீட்டுக்காரர் அந்தச் சீட்டை மூன்றாமவரிடம் காட்டுகிறார். அவருக்கு இரண்டு மாதமாய் வேலையில்லை. மனைவியின் தாலிச்சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. அவரை நம்பி ஆறு ஆட்கள் வாசலில் வந்து கேட்கிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு 80 ஆயிரம் என்று சொல்லிவிடுகிறார். வேலை அவருக்கு. வீட்டுக்காரர் 20 ஆயிரம் மிச்சம் பிடித்தோம் என்று பந்துக்களிடத்தில் பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளுகிறார்.

அந்த 20 ஆயிரம் எங்கே போயிற்று? கம்பிக் கடைக்காரர் குறைக்கவில்லை. சிமெண்டுக் கம்பெனி குறைக்கவில்லை. லாரிக்கு டீசல் ஊற்றுகிறவர் குறைக்கவில்லை. அவர்கள் விலை அச்சடித்த விலை. குறையக்கூடியது இரண்டே இரண்டுதான். ஒன்று, கலவை. மேஸ்திரி சட்டி எண்ணிக்கையை மாற்றுவார், தண்ணீரை அதிகப்படுத்துவார், தளத்துக்கு ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி வைக்கவேண்டியதை மூன்று நாளில் விட்டுவிட்டு, சென்ட்ரிங் பலகையைச் சீக்கிரமாய்ப் பிரித்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார். நாலு மழைக்காலம் கழித்து மாடியில் ஓதம் இறங்கும்போது வீட்டுக்காரர் தம்முடைய 20 ஆயிரத்தைத் தேடுவார். மற்றொன்று, கூலி. கொத்தனாருக்குப் பாதி பாக்கி. சித்தாளுக்கு அடுத்த வாரம். ஏணியில் எல்லாருக்கும் கீழ்ப்படியில் நிற்பவள் அவளே. ஆயுள் முழுவதும் சுமந்தும் அவளைக் கொத்தனாராக்கக் கரணையை அவள் கையில் கொடுப்பவர் அரிது. எங்கெங்கோ தள்ளப்பட்ட அந்தக் குறைச்சல் கடைசியில் அவளுடைய சட்டியில் வந்து விழுகிறது.

மேஸ்திரிக்கு அதற்குப்பின் நேரிடுவது இன்னும் மோசமானது. நஷ்டத்தை மூட அவர் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் வாங்குகிறார். அந்தப் பணத்தால் இந்த வீட்டுக் கடனை அடைக்கிறார். அந்த வீட்டில் அஸ்திவாரம் எடுத்ததோடு வேலை நிற்கிறது. அங்கே வேலை நடக்க மூன்றாவது வீட்டில் முன்பணம். 2021-ம் ஆண்டில் வேலை திரும்பியபோது கம்பி விலையும் சிமெண்டு விலையும் கூடவே ஏறின. பழைய விலைக்குச் சதுர அடிக் கணக்கில் சரக்கோடு ஒப்புக்கொண்டவர்கள் இந்தச் சுழலில் அகப்பட்டார்கள். வட்டிக்கடைக்காரர் மாத்திரம் கரையில் நின்றார்.

மேஸ்திரிகளே, காண்டிராக்டர்களே, உங்களுக்கு முதலில் சொல்லுகிறேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் சொன்னதை அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். சீஷத்துவத்தைப் பற்றி அவர் சொன்ன உவமைதான்; ஆயினும் தச்சுப்பட்டறையில் வளர்ந்தவர் வாயிலிருந்து அது வந்தது என்பதை மறக்கலாகாது. கணக்குப் பாராமல் ஒப்புக்கொண்டு பாதியில் விட்டவனை ஊரார் எப்படி ஏளனம் செய்வார்கள் என்பதை நசரேத்தூரில் அவரே கண்டிருக்கலாம். நீங்கள் சொல்லும் விலை நீங்கள் கொடுக்கும் வாக்கு. லாபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது, மந்தக் காலத்தில் அது விவேகமுங்கூட. ஆள்கூலியைக் குறைத்து விலை சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை, ஏனென்றால் அது உங்களுடையதல்ல. சரக்கு விலை ஏறினால் என்ன செய்வது என்பதை வேலை தொடங்குமுன்னே சீட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போகும் என்பது உண்மை. அது கசப்பான உண்மை, அதை நான் இனிப்புப் பூசிச் சொல்ல விரும்பவில்லை. அப்படிப் போகும்போது, வேலை பிடித்த மற்ற மேஸ்திரியைப் பற்றி டீக்கடையில் அவதூறு பேசாதேயுங்கள்.

ஆனால் பாரத்தின் பெரும்பங்கு விலை கேட்கிறவர்மேல் இருக்கிறது. அவனே சம்மதித்தான், நான் பலவந்தம் பண்ணவில்லையே என்று நீங்கள் சொல்லுவீர்கள். 13-ம் சிங்கராயர் என்னும் பாப்பானவர் 1891-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி தொழிலாளர் நிலையைக் குறித்து வெளியிட்ட நிருபத்தில் இந்தச் சாக்குக்கே பதில் சொல்லியிருக்கிறார். வேறு கதியில்லாமையால், அல்லது இதைவிடப் பெரிய தீங்குக்குப் பயந்து, ஒருவன் கடினமான நிபந்தனைக்கு உட்பட்டானாகில், அவன் பலாத்காரத்துக்கும் அநீதிக்கும் இரையானவன் என்பது அவருடைய போதனை. பசித்தவனுடைய சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதிவைக்க முடியாது. அயலானைக் கொண்டு கூலியில்லாமல் வேலைவாங்கி அநீதியினால் மாளிகை கட்டுகிறவனை எரேமியாஸ் தீர்க்கதரிசி எவ்வளவு கடுமையாய்ச் சபித்தாரென்று வேதாகமத்தில் வாசித்துப் பாருங்கள். அவர் சபித்தது வழிப்பறிக்காரனை அல்ல, யூதாவின் அரசனை.

கூலி பேசுவதற்கு அடுத்தது கூலி கொடுப்பது. சிறு தொழில் செய்கிறவரிடத்தில் சரக்கோ சேவையோ வாங்கினவர் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்கலாகாதென்று 2006-ம் ஆண்டில் நம் நாட்டில் சட்டம் செய்தார்கள். மோயீசன் பெற்ற சட்டத்தில் நாள்கூலிக்காரனுக்குக் கெடு 45 நாளல்ல. சூரியன் அஸ்தமிப்பதற்கு முன். காரணமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது: அவன் ஏழை, அவனுடைய உயிர் அந்தக் கூலியின்மேல் இருக்கிறது. கூலியாட்களின் கூலியைப் பிடித்துவைப்பது சர்வேசுரனுடைய நீதியை நோக்கிக் கூக்குரலிடுகிற நாலு பாவங்களில் ஒன்றென்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். கொலைபாதகத்தோடு சேர்த்து எண்ணப்படும் பாவம் அது. அர்ச். இயாகப்பர் தம்முடைய நிருபத்தில் அந்தக் கூக்குரல் ஆண்டவருடைய செவியில் ஏறிற்று என்கிறார். கூலியைப் பிடித்துவைத்தவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மனஸ்தாப மந்திரம் சொன்னால் போதாது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவேண்டும், கொடுக்கச் சக்தியிருந்தும் கொடாதிருப்பவருடைய மனஸ்தாபம் மனஸ்தாபமல்ல. பூச்சில் ஒரு கீறல் இருக்கிறது, கதவு சரியாய்ச் சாத்தவில்லை என்று சொல்லிக் கடைசித் தவணையை ஆறு மாதம் இழுக்கிறவர்கள் இதைக் கவனிக்கக்கடவார்கள். குறை இருந்தால் குறைக்குத் தக்கதை நிறுத்துங்கள். கீறலுக்காக வீட்டையே பிடித்துக்கொள்ளாதேயுங்கள்.

கோவில்களும் இதற்கு விலக்கல்ல. ஞான காரியமாயிற்றே, கோவில் வேலையாயிற்றே, புண்ணியமாய்ப் போகும் என்று சொல்லிக் கொத்தனாரிடத்தில் கூலியைக் குறைக்கிற வழக்கம் பல பங்குகளில் உண்டு. அவர் மனதார ஒருநாள் வேலையைக் காணிக்கையாகக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம். நாமாக எடுத்துக்கொண்டால் அது காணிக்கையல்ல. தேவ கற்பனை பத்தில் ஏழாவது கற்பனை பீடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுபோகிறதில்லை.

தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் 1994-ம் ஆண்டில் ஏற்பட்டது. 2020-ம் ஆண்டு ஊரடங்கில் அதில் பதிவுள்ளவர்களுக்கு 1000 ரூபாயும் அரிசியும் கொடுத்தபோது, பதிவு செய்யாமல் இருந்தவர்களுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அது பெரிய பணமல்ல. ஆனால் இல்லாத வீட்டில் அது ஒரு வாரத்துச் சோறு. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தங்கள் தகப்பனாருக்கும் தாயாருக்கும், பக்கத்து வீட்டு அக்காளுக்கும், இந்தப் பதிவைச் செய்துகொடுக்கலாம். ஜெபமாலைச் சபையில் இருக்கும் வாலிபப் பெண்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டால் நல்லது.

கையில் கொஞ்சம் பணமுள்ளவர்களுக்கோ மந்தக் காலத்தில் ஒரு விசேஷ கடமை உண்டு. தர்மம் கொடுப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. கரணை பிடித்த கைக்குப் பிச்சை வாங்கத் தெரியாது. எப்படியும் செய்யவேண்டிய வேலையை இப்போது செய்யுங்கள். ஐப்பசி மழைக்குமுன் மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கவேண்டியிருக்கும். கிணற்றுச் சுற்றுச்சுவர் சரிந்திருக்கும். கழிப்பறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு இரண்டு வருஷமாய்ப் பெயிண்டு அடிக்கவில்லை. ஆட்கள் சும்மா நிற்கும் மாதத்தில் அதைக் கொடுத்தால் உங்களுக்கும் நிதானமாய், நல்ல ஆள் வைத்து வேலை நடக்கும். ஆனால் ஆள் சும்மா நிற்கிறாரே என்று நியாயமான கூலியில் கை வைக்காதேயுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்கும்போது கடை மூடுவதற்கு முன்னே கொடுங்கள். இரவு 9 மணிக்கு வந்து வாங்கிக்கொள் என்று சொன்னால், அந்தச் சித்தாள் அரிசி வாங்குவது எப்போது, உலை வைப்பது எப்போது, விடிந்தால் பிள்ளைகளைக் குளிப்பாட்டி முதற்பூசைக்குக் கூட்டிக்கொண்டு வருவது எப்போது? மேஸ்திரி கையில் மொத்தமாய்க் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று இராமல், எல்லாருக்கும் பட்டுவாடா ஆயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களில் சிலர் வீட்டில் சென்ற வருஷத்து வேலைக்கு மேஸ்திரி எழுதிக்கொடுத்த மீதிக் கணக்குச் சீட்டு இன்னும் அலமாரியில் மடித்து வைத்தபடி இருக்கும். பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் அதை எடுத்துப் பாருங்கள். அவர் குடியிருப்பது இரண்டு தெரு தள்ளித்தான்.