எவரும் காணாத தேர்வறை

விதிகளை நாம் படிக்கிறோம். அவற்றை எழுதியவர் மனிதரைப் பற்றி என்ன எண்ணியிருந்தார் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நம்பத்தக்கவனை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதியும் உண்டு. ஏமாற்றுபவனை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதியும் உண்டு. இவ்விரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்பதைக் காண விரும்புவோர், அமெரிக்கக் கல்லூரிகளில் இணையவழி நடைபெறும் தொடக்கநிலைப் புள்ளியியல் பாடத்தின் விதித்தாளைப் படித்துப் பார்க்கலாம். அங்கே வகுப்பறை கிடையாது. ஆசிரியரும் மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரு பருவத்தை முடித்துவிட இயலும். ஆதலால் நேரில் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் முதல் நாளிலேயே எழுத்தில் வடித்துவிடுகிறார்கள்.

முதலில் வருவது உழைப்பின் அளவு. ஒரு கிரெடிட்டுக்கு வாரந்தோறும் வகுப்பில் ஒரு மணி, வெளியே இரண்டு மணி, இவ்வாறு ஏறத்தாழ 15 வாரங்கள் என்பது அந்நாட்டின் கூட்டாட்சி அரசு வகுத்துள்ள அளவுகோல். மூன்று கிரெடிட் பாடமாயின் வாரத்துக்கு 9 மணி, மொத்தம் 135 மணி. அதையே எட்டு வாரங்களில் சுருக்கி நடத்தினால் வாரத்துக்கு ஏறக்குறைய 17 மணி வேண்டும். கணிப்பொறியில் வெறுமனே நுழைந்து வெளியேறுவதை வருகையாகக் கொள்ள முடியாது என்றும் அரசின் கல்வி உதவித்தொகை விதிகள் கூறுகின்றன. இதில் விவாதிக்க அதிகமில்லை.

அடுத்தது காலக்கெடு. ஞாயிறு நள்ளிரவுக்குள் பயிற்சியை ஒப்படைக்க வேண்டும் என்பது போன்ற கண்டிப்பான வரி ஒன்று இருக்கும். அதனடியிலேயே, பருவம் முழுவதிலும் பெற்ற மிகக் குறைந்த இரண்டு மதிப்பெண்கள் கணக்கில் சேரா என்று ஆசிரியர் பலர் சேர்த்துவிடுகிறார்கள். காரணம் கேட்பதில்லை, மருத்துவச் சான்றிதழ் வேண்டியதில்லை. வேறு சிலரோ காலம் தாழ்த்தும் ஒவ்வொருவரிடமும் சான்று கேட்பர். பாட்டியை அடக்கம் செய்து திரும்பிய பிள்ளை, அந்த மரணத்துக்கு ஆதாரத்தை இணைத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

இவற்றுள் எது நீதி? மன்றாடுவோர்க்கு மட்டுமே சலுகை என்றால், மன்றாடத் தெரிந்தவர்க்கே அது கிடைக்கும். கூச்சமுள்ளவர், கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர், தம் துன்பத்தை அந்நியரிடம் விவரிக்க மனம் வராதவர் ஆகியோர் வாய் திறவாமலே மதிப்பெண்ணை இழப்பர். எல்லார்க்கும் பொதுவாக இரண்டைத் தள்ளிவிடும் விதி இவர்களையும் சென்றடைகிறது. சோம்பேறிகளும் அதனால் பயன்பெறுவர் என்பது உண்மையே. அது அவ்வளவு பெரிய கேடு என்று நான் கருதவில்லை. ஆயினும் இரக்கத்தை விதியாக்கும்போது அது ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. ஒரு மாதம் மருத்துவமனையில் தாயருகே அமர்ந்திருந்தவருக்கு இரண்டு பயிற்சிகள் போதா. அவருக்காக விதிக்கு அப்பால் ஓர் ஆசிரியர் செவிசாய்க்கத்தான் வேண்டும்.

இனி, தாளின் கடினமான பகுதிக்கு வருவோம். தேர்வின்போது பாடநூலைப் பார்க்கலாம், கணிப்பானைப் பயன்படுத்தலாம், பிறர் உதவியை நாடக் கூடாது என்பது போல வரையறுத்துவிட்டு, இறுதியில் ஓர் உறுதிமொழியில் ஒப்பமிடச் சொல்வார்கள்: இது என் சொந்த உழைப்பு, எவரிடமும் உதவி பெறவில்லை. தனியறையில், யாரும் காணாத வேளையில் கொடுக்கும் இந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

இவ்வழக்கம் பழமையானது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842-ஆம் ஆண்டிலேயே, தேர்வில் உதவி பெறவில்லை என்று மாணவர் தம் மானத்தின் பெயரால் எழுதித் தரும் முறை வந்துவிட்டது. மானம் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். அந்நாளில் அங்குப் பயின்றோர் பெரும்பாலும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள். மானம் அவர்களுக்குத் தம் வகுப்பாரிடையே தலைநிமிர்ந்து நிற்பதற்குரிய தகுதி. அந்த அடிமைகள்பால் அவர்களுக்கு எக்கடமையையும் அது உணர்த்தவில்லை. மானத்துக்குப் பார்க்கும் கண்கள் தேவை. மனச்சான்றோ பார்ப்பார் இல்லாத இடத்திலும் பேச வேண்டியது. இணையவழித் தேர்வறையில் சக மாணவரின் கண்கள் இல்லை. ஆதலால் அங்கே பழைய உறுதிமொழியின் சொற்கள் மட்டுமே எஞ்சுகின்றன. அவற்றைத் தாங்கி நின்ற மானம் போய்விட்டது. மனச்சான்று அந்த இடத்துக்கு வந்தால் அன்றி அவை வெறுஞ்சொற்களே.

உறுதிமொழியின் வலிமையைச் சோதித்த ஓர் ஆய்வின் கதையை இங்குக் கூறத் தகும். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. படிவத்தின் அடியில் ஒப்பமிடுவதைவிட மேலே, தொடக்கத்திலேயே, ஒப்பமிட்டால் மனிதர் நேர்மையாக நடக்கிறார்கள் என்றது. கார் காப்பீடு பெற்றோர் தம் வண்டி ஓடிய மைல் கணக்கைத் தாமே எழுதித் தந்த விவரங்கள் அதன் சான்றுகளுள் ஒன்று. 2020-இல் அதே ஆய்வாளர்கள், மேலே ஒப்பமிடுவதால் பயன் காணவில்லை என்று அறிவித்தனர். 2021-இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் காப்பீட்டு எண்களை எடுத்து ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 1,000 மைல் ஓட்டியவர் எத்தனை பேரோ, 25,000 மைல் ஓட்டியவரும் 49,000 மைல் ஓட்டியவரும் ஏறக்குறைய அத்தனை பேர். 50,000-த்தைத் தாண்டியவர் எவருமில்லை. மனிதர் அப்படி வண்டி ஓட்டுவதில்லை. உண்மையான எண்கள் நடுவே குவிந்து இருபுறமும் தேய்ந்து செல்லும். கையால் எழுதித் தருவோர் ஆயிரக்கணக்கில் முழுமையாக்கி எழுதுவதும் வழக்கம். அந்தச் சுவடும் அங்கே இல்லை. எண்கள் புனையப்பட்டிருந்தன. அக்கட்டுரை அவ்வாண்டே திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வே பொய் எண்களின்மீது நின்றது!

இந்தக் கதை இப்பாடத்துக்கு அயலானது அன்று. பரவல், நடுவளவு, எதிர்பார்த்ததிலிருந்து விலகல் என்று தொடக்கநிலை மாணவர் கற்கும் அதே கருத்துகளே பொய்யைக் காட்டிக்கொடுத்தன. எனினும் ஒன்பது ஆண்டுகள் கழித்தே காட்டிக்கொடுத்தன. இன்னும் திறமையாகப் புனைந்திருந்தால் அவையும் தவறியிருக்கும். எண்களைத் திரட்டியவன் தனியே இருந்தபோது என்ன எழுதினான் என்பதை வாசகன் கடைசியில் நம்பித்தான் ஆக வேண்டும். புள்ளியியல் முழுவதும் இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

அப்படியிருக்க, சில கல்லூரிகள் மாணவனின் கணிப்பொறிக் கேமராவையே மேற்பார்வையாளராக்கிவிட்டன. பார்வை திரையைவிட்டு அகன்றால் மென்பொருள் ஐயக்குறி இடும். சிந்திப்பதற்காகக் கூரையைப் பார்ப்பவனும் ஐயத்துக்கு உள்ளாவான். தேர்வுக்குமுன் கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டுமாறும் கேட்பதுண்டு. ஓஹாயோ மாநிலத்தில் கிளீவ்லேண்ட் அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வேதியியல் தேர்வுக்குமுன் தம் படுக்கையறையை அவ்வாறு காட்டச் செய்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அது அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரிபார்ப்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. உண்மையாய் உழைத்தவரின் மதிப்பெண் மலிந்துவிடாமல் காப்பதும் நீதியே. பங்கின் கணக்கைத் தணிக்கை செய்வதால் பொருளாளரை அவமதித்தோம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் தணிக்கையாளர் கணக்கேட்டைப் பார்க்கிறார். பொருளாளரின் படுக்கையறையைப் பார்ப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கணக்கையும் விளக்கத்தையும் நொடியில் எழுதித் தரும் இந்நாளில் கேமராவால் பெரும்பயன் விளையும் என்றும் தோன்றவில்லை. உண்மையான தரவுகளைக் கொண்டு, சூத்திரத்தைவிடக் கருத்துக்கு முதன்மை தந்து கற்பிக்குமாறு அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைக்கிறது. மாணவர் தாமே தரவு திரட்டி, தாம் எடுத்த முடிவைத் தம் வாயால் ஐந்து நிமிடம் விளக்கச் சொன்னால், விழிகளின் அசைவை அளக்க வேண்டியிராது.

வகுப்பறைகளில் வழங்கும் பழைய பயிற்சி ஒன்று உண்டு. மாணவரில் ஒரு பாதியினர் நாணயத்தை 200 முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுத வேண்டும். மறு பாதியினர் சுண்டாமலே கற்பனையாக எழுத வேண்டும். யார் எதைச் செய்தார் என்று அறியாத ஆசிரியர், தாள்களைப் பார்த்தே பெரும்பாலும் சரியாகப் பிரித்துவிடுவார். 200 முறையில் ஆறு தலையோ ஆறு பூவோ ஒரு முறையேனும் தொடர்ந்து வருவது ஏறக்குறைய உறுதி. கற்பனையாக எழுதுவோருக்கோ அத்தனை முறை ஒன்றையே எழுதக் கை வராது. இதையே இணையவழிப் பாடத்தில், எல்லாரும் உண்மையாகவே சுண்டி எழுதுங்கள் என்று வீட்டுப் பயிற்சியாகத் தந்தால் என்ன ஆகும்? இந்தத் தந்திரத்தைப் பாடநூலில் முன்கூட்டியே படித்துவிட்ட மாணவன், இடையிடையே ஆறு தலைகளைச் சேர்த்து இரண்டு நிமிடத்தில் பட்டியலை முடித்துவிடலாம். ஆசிரியரால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. உண்மையாகச் சுண்டுவதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். நாணயம் மேசையின் கீழ் உருண்டோடும். குனிந்து எடுத்து, எந்த முகம் மேலே இருந்தது என்று பார்த்து, அதையும் எழுத வேண்டும்.