பார்வை போன பக்கம் திரும்பு!

பக்கவாதத்திலிருந்து பிழைத்து வந்தவரின் கார் சாவியைத்தான் வீட்டார் முதலில் ஒளித்துவைக்கிறார்கள். சிலருக்குக் கை கால் நன்றாக இருக்கும், பேச்சும் தெளிவாக இருக்கும். ஆனால் மூளையின் பின்பகுதியில் ரத்த ஓட்டம் தடைப்பட்டதில், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போயிருக்கும். கண்ணில் பழுதில்லை என்பதால் கண்ணாடி மாற்றியும் பயனில்லை. “இனி ஸ்டீயரிங்கைத் தொடாதே” என்று ஊரே சேர்ந்து தீர்ப்பு எழுதிவிடும்.

அந்தத் தீர்ப்பைச் சாலையிலேயே திருத்தி எழுதியவர்கள் இருக்கிறார்கள்!

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. 2009-இல் வெளியானது. பாதிப் பார்வை இழந்த 22 பேர், கால்பங்கு இழந்த 8 பேர், முழுப் பார்வையுள்ள 30 பேர். எல்லாரையும் நகரத் தெருக்களிலும் நெடுஞ்சாலையிலும் நிஜமாகவே கார் ஓட்டச் சொன்னார்கள். பின்சீட்டில் இரண்டு மதிப்பீட்டாளர்கள். ஓட்டுகிறவரின் பார்வை எப்படி என்று அவர்களிடம் மூச்சுக்கூட விடவில்லை. அனுதாப மார்க்குக்கு இடமே இல்லை! பாதிப் பார்வை இழந்தவர்களில் 73 சதவீதம் பேரும், கால்பங்கு இழந்தவர்களில் 88 சதவீதம் பேரும் பாதுகாப்பாக ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தேறியவர்கள் அப்படி என்ன செய்தார்கள்? பார்வை போன பக்கம் அடிக்கடி தலையைத் திருப்பினார்கள். கை ஸ்டீயரிங்கில் நிதானமாக நின்றது. அவ்வளவுதான்.

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும். இழந்த பக்கம் கறுப்பாகத் தெரிந்தாலாவது உஷாராகலாம். நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு இருட்டாகவா தெரிகிறது? அதேபோல அங்கே ஒன்றுமே தெரியாது. எல்லாம் தெரிகிறது என்றே மூளை சாதிக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் திடீரென்று முளைக்கும்போதுதான் உண்மை உறைக்கும். “ஜாக்கிரதையாகப் போ” என்று நாலு தடவை சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது. பழக்க வேண்டும்.

நெதர்லாந்தில் குரோனிங்கன் நகர ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு பயிற்சியை வகுத்தார்கள். அதில் கண்ணுக்கு ஒரு தாளம் உண்டு. முதல் பார்வை இழந்த பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதல்ல, ஒரே பாய்ச்சலாக, கடைசி ஓரம் வரை! அடுத்து, தெரிகிற பக்கம் ஒரு பெரிய வீச்சு. பிறகு நடுவுக்கு. மறுபடி முதலிலிருந்து. நினைக்காமலே கண் அப்படி ஓடும்வரை விடக்கூடாது.

தோழா, கவனித்தாயா? முதல் பாய்ச்சல் தெரிகிற பக்கம் இல்லை! நீ என்ன செய்கிறாய்? வராத கணக்கை ஓரங்கட்டுகிறாய். பேச வராது என்று மேடையைக் கண்டாலே ஒதுங்குகிறாய். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறாய். பாதிப் பார்வையோடு ஒருவர் நாற்சந்தியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வண்டியை ஓட்டிப் போகிறார். உனக்கு என்ன கேடு? திருப்பு கழுத்தை!

இதற்காக வீம்புக்குச் சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே. அதே பர்மிங்ஹாமில் பாதிப் பார்வை இழந்தவர்களில் 27 சதவீதம் பேர் தேறவில்லை. பிரிட்டனில் இப்படிப் பார்வை போனால் உரிமமும் போய்விடும். 12 மாதம் ஆன பிறகு, இழப்பு கூடாமல் அப்படியே நின்று, அந்தப் பார்வைக்கு அவர் முழுமையாகப் பழகிவிட்டார் என்று மருத்துவரும் உறுதி சொன்னால், சிறப்பு விதிவிலக்கு கேட்கலாம். அதன்பின்னும் சாலையில் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். கடுமைதான். இருக்கட்டும், எதிரே வருகிறவனும் மனிதன்தானே!

உங்கள் வீட்டில் பக்கவாதத்திலிருந்து எழுந்து வந்தவர் எப்போதும் ஒரே பக்கத்துக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாரா? திட்டாதீர்கள். கண் மருத்துவரிடம் கூட்டிப்போய்ப் பார்வைப்புலப் பரிசோதனை செய்யுங்கள். ஒருபுறம் இழந்திருந்தால் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சாவி ஆணியிலேயே தொங்கட்டும்.